பல்வலி

மூதூரில் காலை எட்டு மணிக்கு எடுத்த இரத்தம்
பத்தரைக்குத் திருகோணமலை போய்ச் சேரவேண்டும்.
ஐஸ் பெட்டி என் மடியில்.
இறால்குழிப் பாலம், கங்கைப் பாலம், கிண்ணியாப் பாலம்.
பக்கத்துச் சீட்டுக்காரர் கேட்பார்:
"மீனா மிஸ்ஸி?"
"ஓம், மீன்தான்."

பன்னிரண்டு குழாய்கள்.
இன்னும் வெளியே தெரியாத பன்னிரண்டு வயிறுகள்.
ஒவ்வொரு குழாய்க்குள்ளும் இரண்டு கேள்வி,
இரண்டையும் சத்தமாகச் சொல்லமுடியாது:
சிபிலிஸ், எச்.ஐ.வி.
எல்லாருக்கும்தான் எடுக்கிறோம் என்று
எல்லாரிடமும் சொல்கிறேன்.
பள்ளிக்கூட அதிபரின் மனைவிக்கும் சொன்னேன்.
கையை நீட்டமுதல் அவ கதவைப் பார்த்தா.

காலாண்டு முடியப் படிவம் வரும்.
பதிந்த தாய்மார், பரிசோதித்த தாய்மார்,
கடைசிக் கட்டத்தில் முட்டை.
படிக்கிற காலத்தில் முட்டை வாங்கினால்
அப்பா பிரம்பைத் தேடுவார்;
இங்கே முட்டை போட்டால்
கொழும்பில் யாரோ மூச்சு விடுகிறார்கள்.
பதினொரு வருடம் போட்டேன்,
அடுத்த படிவத்தை யோசித்தபடி.

பிறகு ஒரு ஆனி மாதம்
ஆய்வுகூடத்து நௌபீஸ் தொலைபேசியில்
பெயரில்லாமல் இலக்கத்தை மட்டும் வாசித்தார்.
இரண்டுதரம் வாசித்தார்.
நான் எழுதிக்கொள்ளவில்லை.
முகம் வந்துவிட்டது.

யாரிடமிருந்து என்று ஊர் கேட்கும்.
என் படிவத்தில் அப்படியொரு கட்டம் இல்லை.
அந்தப் படிவத்தை எனக்குப் பிடிக்கத் தொடங்கியது
அன்றைக்குத்தான்.

இங்கேயும் அவளுக்குப் பெயர் வைக்கமாட்டேன்.
எந்தத் தெரு, எந்தக் கடவுள், எதுவும் இல்லை.
இடதுகால் செருப்பின் வார் அறுந்து
சட்டைப்பின் குத்தியிருந்தது.
அவ்வளவுதான்.

மாதத்தின் இரண்டாம் செவ்வாய்
அவள் திருகோணமலைக்கு வரவேண்டும்.
மாமியாரிடம் "பல்வலி" என்றாள்.
நானும் சேர்ந்துகொண்டேன்:
கடைவாய்ப்பல் மாமி, வேர்வரைக்கும் போயிற்று,
ஒரு நாளில் முடியாது,
மருந்து வைத்து வைத்துத்தான் பார்க்கவேண்டும்.
இல்லாத சொத்தைக்கு இரண்டு பேர் காவல்.

கிளினிக்கில் அடுத்த திகதி எழுதிக் கொடுத்த சீட்டை
நான்குதரம் வாசித்துவிட்டு
பஸ் நிலையத்தடியில் நின்ற மானிடம் நீட்டினாள்.
மான் தின்றது.
கொம்பில் ஒரு பொலித்தீன் பை ஆட ஆட
அரசாங்க முத்திரையோடு சேர்த்துத் தின்றது.
இருவருக்கும் சிரிப்பு.
சிரித்து முடிய அவள் அழுதாள்,
அது வேறு கணக்கு.

கொழும்பில் கூட்டம். குளிர் அறை.
பேச்சு முழுக்கச் சிங்களம், பாதி எனக்குப் பிடிபடவில்லை;
இலக்கங்களுக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை.
சுவரில் ஒரு கோடு தரையோடு தரையாக ஓடியது.
நாடு நன்றாகச் செய்கிறது என்றார்கள்.
உண்மைதான், நானும் கைதட்டினேன்.
புள்ளிக்குப் பிறகு இரண்டு பூச்சியம் தாண்டி
ஒரு இலக்கம் நின்றது.
இடதுகாலில் சட்டைப்பின்னோடு.

மார்கழிக் கடைசி மழையில் அவன் பிறந்தான்.
ஆறு கிழமை சிறிஞ்சால் வாயில் பாணி மருந்து.
பிறகு குதிக்காலில் ஊசி.
பிறகும் ஊசி.
ஒவ்வொருமுறையும் முடிவு கொழும்பிலிருந்து வரும்வரை
பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாளாம்,
கழுவியதையே.

ஒன்றரை வயதில் கடைசி முடிவு.
தாயிலிருந்து பிள்ளைக்கு என்ற கட்டத்தில்
பேனையை மெதுவாகச் சுற்றிக்கொண்டுபோய்
தொடங்கிய இடத்திலேயே முட்டவைத்தேன்.
அப்படியொரு முட்டையை நான் முன்பு எழுதியதில்லை.

அவளுடைய ஒன்று அப்படியே இருக்கிறது.
இரவுக் குளிசை இருக்கிறது, செவ்வாயும் இருக்கிறது.

போன கிழமை சந்தையில், மீன் பலகைக்கு முன்னால்,
பத்துப் பேர் காதுபட நான்:
"என்ன பிள்ளை, பல்லு இப்ப எப்பிடி?"
இடுப்பிலிருந்தவனின் வாயை
இரண்டு விரலால் விரித்துக் காட்டினாள்.
எண்ணினேன்.
பதினொன்று,
ஒன்று முளைக்கப் பார்க்கிறது.